குளோரின் அணுவின் அகோரப் பசி!

குழாய்த் தண்ணீரில் சில நாள் ஒரு நெடி அடிக்குமே, அது குளோரின் நெடி.

குளோரின் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். புற ஊதா ஒளி பட்டால் ஜோடி பிரிந்துவிடும். தனியாகிவிட்ட குளோரின் அணு பொல்லாதது! பக்கத்தில் வரும் வாயுவிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் அடங்கும்.

எவ்வளவு வேகமாகப் பிடுங்குகிறது? இதை விஞ்ஞானிகள் அளக்கிறார்கள். வேண்டாத வேலை என்று நினைக்காதீர்கள்.

ஆகாயத்தில் ஆபத்து

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள்.

அந்த நாளில் குளிர்ப்பெட்டிகளில் ஒரு வகை வாயு பயன்பட்டது. அது ஆகாயத்தின் உயரத்துக்குப் போய் வெயிலில் உடைகிறது. அதிலிருந்து வெளிவரும் குளோரின் அணு, நம்மைப் புற ஊதா ஒளியிலிருந்து காக்கும் ஓசோன் வாயுவை அழிக்கிறது என்றார்கள்.

ஓசோனை அழித்த பிறகும் அந்த அணு அடங்குவதில்லை. அடுத்ததன் மேல் பாயும். ஒரே அணு சுமார் 1 லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைத் தீர்த்துவிடும்! இதைக் கண்டு சொன்ன இருவரும் 1995-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அடங்குவர்.

குளோரினை அடக்க மேலே யார் உண்டு? மீதேன் உண்டு. நெல் வயல் சேற்றிலும் மாட்டின் ஏப்பத்திலும் கிளம்புகிற வாயுதான்! மீதேனிடம் ஹைட்ரஜனைப் பிடுங்கியதும் குளோரின் அப்போதைக்கு ஓய்ந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் ஓய்கிறதோ, அவ்வளவுக்கு ஓசோன் பிழைக்கும்.

எறும்பை எண்ண வேண்டாம்

தனிக் குளோரின் அணு கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். அதை எண்ணுவது கஷ்டம். அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள்.

எறும்புப் புற்றருகே ஒரு பக்கம் சர்க்கரை, ஒரு பக்கம் நொய் வையுங்கள். எது எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், எறும்புக்கு எதன் மேல் ஆசை என்று தெரிந்துவிடும். எறும்பை எண்ண வேண்டியதே இல்லை!

அப்படியே, ஒரு கண்ணாடிக் கலத்தில் குளோரினையும், வேகம் தெரிந்த ஒரு வாயுவையும், தெரியாத ஒரு வாயுவையும் அடைக்கிறார்கள். விளக்கைப் போட்டுச் சற்றுப் பொறுத்து, இரண்டும் எவ்வளவு குறைந்தன என்று பார்க்கிறார்கள். மற்றது கணக்குதான்.

கணக்கு சொல்வதைக் கேளுங்கள். மீதேனும் ஈதேனும் ஒரே குடும்பம். ஈதேனில் ஒரு கரி அணு அதிகம். ஆனால் மீதேனைவிட ஈதேனிடம் குளோரின் 500 மடங்குக்கு மேல் வேகமாகப் பாய்கிறது!

தனி அணுவையே கருவியால் நேராகக் கவனித்து அளக்கும் முறையும் உண்டு. அதில் இந்த ஈதேன் பெரிய தொல்லை. 500 பங்கு மீதேனில் 1 பங்கு ஈதேன் கலந்திருந்தாலும் மீதேனின் வேகம் இரு மடங்காகத் தோன்றும்.

குளிரும் வேகத்தை மாற்றும். ஆகாயத்தின் உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கு மேல் குளிர் உண்டு. அந்தக் குளிரில் ஈதேனின் வேகம் அதிகம் குறைவதில்லை. மீதேனின் வேகமோ சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அறையில் அளந்ததை அப்படியே நம்பியிருந்தால், குளோரினை அடக்குவதில் மீதேனை 5 மடங்கு கெட்டிக்காரன் என்று எண்ணியிருப்போம்.