ஃபன்னி பாய்: பாதி நல்ல படம்

ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலை தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். எங்கட ஆட்கள் சிலர் அடியோடு திட்டினார்கள். சிலர் ‘எங்கட கதை திரைக்கு வந்ததே போதும்’ என்றார்கள். நான் தாதி. வேலை மாறும்போது ‘நோயாளி பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகமுடியாது. காய்ச்சல் இறங்கியது, காயம் ஆறவில்லை என்று பிரித்துச் சொல்லவேண்டும்.

சிறுவன் அர்ஜியாக வரும் அருஷ் நந்த் மனதில் நிற்கிறான். சேலை கட்டி மணப்பெண்ணாக அவன் விளையாடும் விளையாட்டில் பொய்யே இல்லை. ஆனால் முக்கிய தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழரல்லாதவர்கள். அவர்கள் தமிழ் பேசத் தொடங்கியதும் படம் கைநழுவுகிறது.

உச்சரிப்புத்தானே என்று விடலாமா? கலவரங்களில் தெருவில் மறித்தவர்கள் வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். நாக்குப் பிசகினால் தமிழர். நியாயாதிபதிகள் 12இல் ‘ஷிபோலேத்’ சொல்ல வராதவர்களை யோர்தான் துறையில் வெட்டியது நினைவிருக்கும். 1983இல் முடியும் கதையில் இந்தப் பிழை எலும்பில் விழுந்த முறிவு.

ஆங்கிலம் பாதிக்கு மேல் என்று ஆஸ்கரின் சர்வதேசப் பிரிவு, கனடா அனுப்பிய இந்தப் படத்தை ஏற்கவில்லை. அதை நான் குறையாக எண்ணமாட்டேன். கொழும்பின் வசதியான வீடுகளில் ஆங்கிலம் இயல்புதான்.

அருஷ் வரும் முற்பகுதிக்காகப் படத்தைப் பாருங்கள். பிற்பகுதிக்கு நாவலை எடுங்கள்.