பன்றி இதயத்தை நம் உடல் ஏன் விரட்டுகிறது?

1997 ஜனவரியில் அசாமின் சோனாப்பூரில் மருத்துவர் தனிராம் பருவா, 32 வயது இளைஞருக்குப் பன்றி இதயத்தைப் பொருத்தினார். ஏழே நாளில் அந்த இளைஞர் இறந்தார், பருவா கைதானார். துணிச்சல் இருந்தது, அதற்கேற்ற அறிவியல் அன்று கைவசம் இல்லை.

பன்றிச் செல்களின் மேல் ‘ஆல்பா-கேல்’ என்ற சர்க்கரை உண்டு. நமக்கு அது கிடையாது. அதைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்களோ நம் ரத்தத்தில் எப்போதும் தயார். அவை புதிய உறுப்பின் ரத்தக் குழாய்களில் பாய்ந்தால் ரத்தம் உறையும்; சில மணி நேரத்தில் உறுப்பு செத்துவிடும். மனித இதயத்தில் பொருத்தும் பன்றி வால்வுகள் மட்டும் தாக்குப்பிடிக்கின்றனவே? அவை ரசாயனத்தில் பதப்படுத்திய உயிரற்ற திசுக்கள்.

2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், இந்தத் தாக்குதலைத் தவிர்க்கும் நோக்கில் 10 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தோடு டேவிட் பென்னட் என்ற நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார். உடனடி நிராகரிப்பு நிகழவில்லை. ஆனால் அந்த இதயத்துக்குள் ஒரு பன்றி வைரஸ் பதுங்கியிருந்தது. அறுவைக்கு முன் பன்றியின் மூக்கில் எடுத்த மாதிரியில் அது சிக்கவே இல்லை.