உங்களுக்குத் தெரியுமா? மூக்கிலும் மூளைநோய் பிடிபடும்!

நரம்பு செல்கள் வெளிக்காற்றைத் தொட்டபடி இருக்கும் இடம் உடம்பில் ஒன்று உண்டு: மூக்கின் உள்கூரை. வாசனை அறியும் இச்செல்களின் இழைகள், சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே நேரே மூளைக்குள் போகின்றன.

க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்பது பிரியான் என்ற புரதம் உருக்குலைந்து, மூளையைச் சில மாதங்களிலேயே சிதைக்கும் நோய். மூளைத் திசுவைப் பார்த்தால்தான் முழு உறுதி. அது பெரும்பாலும் இறந்த பிறகுதான். 2014-ல் இத்தாலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். மூக்குக்குள் சிறு பிரஷை விட்டு, கூரையை லேசாக வருடிச் செல்களை எடுத்தார்கள். அதை நல்ல பிரியான் புரதம் உள்ள கரைசலில் கலந்து குலுக்கினார்கள். சாம்பிளில் உருக்குலைந்த பிரியான் துளியூண்டு இருந்தாலும் போதும், நல்லதையும் தன்னைப்போலவே கெடுத்துவிடும். உடனிருக்கும் சாயம் ஒளிரும். நோயாளிகள் 31 பேரில் 30 பேருக்கு ஒளிர்ந்தது. இந்நோய் இல்லாத 43 பேரில் ஒருவருக்கும் இல்லை! இதே சோதனையை முதுகுத்தண்டு நீரில் செய்தபோதோ நோயாளிகளில் 77 சதவீதம் பேருக்குத்தான் நோய் சிக்கியது.

பார்க்கின்சனுக்கும் இதே உத்தியைச் சோதித்து வருகிறார்கள். அந்நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு வாசனை குறைகிறது. வாசனைக் குறைவுக்குச் சளி, சைனஸ் போன்ற சாதாரணக் காரணங்களே அதிகம்; பதற வேண்டாம். ஆனால் வெகுநாள் நீடித்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.