சாயப்பட்டறையின் பெராக்சைடும் ரத்தத்தின் செலினியமும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பனியன் துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். வெளுத்த துணியில் அது மிச்சமிருந்தால் அடுத்து ஏற்றும் சாயம் திட்டுத்திட்டாகிவிடும். அதனால் ‘பெராக்சைடு கில்லர்’ என்ற பெயரில் விற்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து, மிச்சத்தை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்த பிறகுதான் சாயம் போடுகிறார்கள்.

அதே பெராக்சைடு நம் செல்களுக்குள்ளும் ஓயாமல் உருவாகிறது. கேட்டலேஸ் நமக்கும் உண்டு. கூடவே குளுடாதயோன் பெராக்சிடேஸ் என்ற புரதமும் உண்டு. சிவப்பணுக்களில் 1957-இல் இதைக் கண்டவர் கார்டன் மில்ஸ். அதற்குள் செலினியம் இருப்பது 1973-இல்தான் தெரிந்தது.

எப்படி வேலை செய்கிறது? செலினியம் பெராக்சைடுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அதை நீராக்குகிறது; இழந்ததைக் குளுடாதயோன் என்ற மூலக்கூறிடம் வாங்கிக்கொள்கிறது. செலினியம் தாங்கிய அமினோ அமிலத்தை இந்தப் புரதத்தில் சேர்க்க, வழக்கமாக ‘நிறுத்து’ என்று பொருள்படும் யுஜிஏ குறியையே செல் வேறுவிதமாகப் படிக்கிறது. மரபணுவில் என்னை மிகவும் வியக்கவைக்கும் ஏற்பாடு இது.

செலினியம் குறைந்தால் என்ன ஆகும்? சீனாவில், மண்ணில் செலினியம் குறைந்த கேஷான் வட்டாரத்தில் குழந்தைகளும் இளம்பெண்களும் இதயத்தசை நோயால் இறந்தார்கள். செலினியம் கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது.

அதற்காக மாத்திரையை அள்ளி விழுங்கக் கூடாது. ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம் அளவே போதும். 400-ஐத் தாண்டுவது ஆபத்து. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்ததை உண்டவர்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன; மாடுகளுக்குக் குளம்பு கழன்றது.