டூட்டி முடிந்தால் வீடும் காலி

வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஏஜென்சியில் ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நான் நர்சிங் படித்தவள் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது கற்றுக்கொண்டதுதான் எல்லாம். 24 மணி நேர டூட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க பேஷண்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய். இதில் சேர வருகிற பெண்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பேஷண்ட் போய்விட்டால் அன்றைக்கே வேலையும் போகும், வீடும் போகும். ஐஸ் பெட்டி வந்து இறங்கும்போதே நாம் பையைக் கட்டிவிட வேண்டும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், நாம் படுத்த இடம் அவர்களுக்கு வேண்டும்.

சென்னையில் வேலை இருக்கிறவரைதான் கூரை என்று வாழ்கிறவர்கள் ஒரு பட்டாளமே இருக்கிறார்கள். சப்ளையர்கள் ஹோட்டல் மாடியிலேயே படுக்கிறார்கள். கட்டடத் தொழிலாளிகளுக்குக் கட்டுகிற இடத்திலேயே தகரக் கொட்டகை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாடிப்படிக்குக் கீழே பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறார். இவர்களை வீடில்லாதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

“மாசம் 21,000 வாங்குறியே, ஒரு ரூம் எடுத்துக்க வேண்டியதுதானே?” என்று நான் போன வீடுகளில் எல்லாம் கேட்டுவிட்டார்கள். எடுக்கலாம். அயனாவரம் பக்கம் ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை, வாடகை 6,000. ஊரில் இருக்கிற அம்மாவுக்கும் மகள் படிப்புக்கும் 12,000 அனுப்பியது போக, பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கொடுத்துவிட முடியும். ஆனால் பத்து மாத அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய் ஒரே நாளில் கையில் இருந்தால்தான் அந்த 6,000 ரூபாய் ரூமின் கதவு திறக்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அதிலும் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி எடுத்த ரூமும் மாதத்தில் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும், நான் பேஷண்ட் வீட்டில் இருப்பேன்.

பணம் இருந்தாலும் கேள்விகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் எங்கே, தனியாகவா, ராத்திரி வேலையா, யாராவது வந்து போவார்களா, கவிச்சி சமைப்பீர்களா, எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு. கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புரசைவாக்கத்தில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டேன். பக்கவாதம் வந்து வலது கை விளங்காது. பேச்சு குழறும், ஆனால் சட்டம் குழறாது. தினமும் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலை. அட்வான்ஸ் கதையைச் சொன்னபோது, “மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கும்மா” என்றார். இருக்கிறதுதான். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் தமிழ்நாடு அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், தகராறு என்று வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் உண்டு, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர.

“அப்போ பத்து மாசம்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டா, ஐயா?”

“அதுக்குத்தான் அந்த வரியே” என்றார்.

பதினோரு மாத ஒப்பந்தம் ஏன் என்பதையும் அவர்தான் சொன்னார். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதினால் அந்தச் செலவு மிச்சம். புதுச் சட்டம் வந்த பிறகும் பலர் கையில் இருப்பது அதே பதினோரு மாத ஸ்டாம்ப் பேப்பர்தான்.

பாடு என்றால் அது இரண்டு டூட்டிகளுக்கு நடுவில் வருகிற நாட்கள்தான். ஊருக்குப் போகலாம். முன்பு கோயம்பேட்டில் ஏறினால் போதும், 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, திண்டிவனம் பக்கம் போகிற எனக்கு நகரத்தைத் தாண்டவே அரை நாள் ஆகிறது. போய் இறங்குவதற்குள் ஏஜென்சியிலிருந்து போன் வரும், நாளைக் காலை டூட்டி என்று. அதனால் நகரத்துக்குள்ளேயே எங்காவது ஒதுங்கத்தான் பார்ப்போம். எழும்பூர் ஸ்டேஷனில் பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ஜி.எச். வாசலில் நோயாளிகளோடு வந்தவர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அங்கே பையும் கையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். குளிக்கக் கட்டணக் கழிப்பிடம். போன் சார்ஜ் போட டீக்கடை, அதற்காகவே இரண்டு டீ.

பைக்குள் முதலில் போவது பிளாஸ்டிக் கவர்: ஆதார், பாஸ்புக், மகளின் டி.சி. நகல். டூட்டிக்கு நைட்டிகள், சாவுக்கும் கல்யாணத்துக்கும் பொதுவாக ஒரு சேலை. சொந்தத் தட்டும் டம்ளரும் உண்டு. நிறைய வீடுகளில் நமக்கென்று ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு என் தட்டே மேல்.

மாநகராட்சியின் இரவுக் காப்பகங்கள் இருக்கின்றன, இலவசம். லட்சம் பேர் உள்ள நகரப் பகுதிக்கு ஒன்று வீதம், 24 மணி நேரமும் திறந்திருக்கிற காப்பகம் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையில் பெண்களுக்குத் தனியாகவும், அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளோடு வருகிறவர்களுக்கும் நடத்துகிறார்கள். போக்கிடமே இல்லாதவர்கள் தயங்காமல் போகலாம். எங்கள் தொழிலில் உள்ள சங்கடம் வேறு. “இப்போ எங்க தங்கியிருக்க?” என்று புது வீட்டில் கேட்கும்போது காப்பகம் என்று சொன்னால், நகை பீரோ சாவி அன்றே இடம் மாறிவிடும்.

ஏஜென்சிகள் சிலவற்றில் ஆள் தங்க ஒரு ஹால் உண்டு. ராத்திரிக்கு இவ்வளவு என்று அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பணத்தைக்கூட விடுங்கள். அந்த ஹாலில் படுத்திருப்பவளால் எந்த வீட்டையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அடிக்கிற பேஷண்ட், ராத்திரி கதவைத் தட்டுகிற மருமகன், சம்பளத்தை இழுத்தடிக்கிற வீடு, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள். படுப்பதற்கு ஒரு மூலை வேண்டும் என்பது தூக்கத்துக்காக மட்டுமில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கும் அது வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று பேப்பரில் வரும்போதெல்லாம் நான் அதில் உண்டா என்று பார்ப்பேன். 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி தெருத்தெருவாகப் போய், வெட்டவெளியில் படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல். என்னைப் போல வேலை செய்கிற வீட்டில் தங்கியிருப்பவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள், நாலு படுக்கையறை வீட்டில் வசிப்பவளாகத்தான் பதிவாவாள். அதே கணக்கெடுப்பில் நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கும் மேல் என்றும் வந்தது. ஓட்டு விஷயமும் வேடிக்கை. நடைபாதையில் படுக்கிறவர் முகவரிச் சான்று இல்லாமலே வாக்காளர் பட்டியலில் சேரலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொள்வார். பேஷண்ட் வீட்டு முகவரியில் என் பெயரைச் சேர்க்க எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? என் ஓட்டும் ரேஷன் கார்டும் ஊரில் தம்பி வீட்டில் இருக்கின்றன.

வக்கீல் ஐயா சொன்ன வழக்கு ஒன்று இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. சேலத்துக்காரர் ஒருவர், நிலமில்லாத கூலி, 1961-ல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார். நடைபாதையில் குடிசை. 1981 ஜூலையில் குடிசையை இடித்து, அவரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். சேலத்தில் வேலை இல்லாததால்தானே போனார்? திரும்பவும் பம்பாய்க்கே வந்துவிட்டார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிற தீர்ப்பில் அவரும் ஒரு மனுதாரர். உயிர்வாழும் உரிமை என்றால் பிழைப்புக்கான உரிமையும் அதில் சேரும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை.

இப்போது நாங்கள் நாலு பேர், எல்லோரும் இதே டூட்டி பார்க்கிறவர்கள், அயனாவரத்தில் ஒரு ரூம் எடுத்திருக்கிறோம். பேசிப் பேசி அட்வான்ஸை 40,000-க்கு இறக்கினோம். சீட்டு எடுத்து ஆளுக்குப் பத்தாயிரம் போட்டோம். வாடகை 6,500. கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருவது வீட்டுக்காரரின் மீட்டரோடு நின்றுவிடுகிறது. முகவரிச் சான்று கேட்காத ஐந்து கிலோ சிலிண்டர் வைத்துக்கொண்டோம். நாலு பேருக்கும் நாலு சாவி. யாருக்கு டூட்டி இல்லையோ அவர் அங்கே இருப்பார், பெரும்பாலும் ஒருவர்தான். எங்களில் ஓர் அக்காவுக்குப் பெரும்பாக்கத்தில் அரசு ஒதுக்கிய வீடே இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்திலிருந்து கொண்டுபோய்விட்டார்கள், ஏழாவது மாடி. வேலையெல்லாம் அண்ணா நகரிலும் கீழ்ப்பாக்கத்திலும். தினமும் போய்வர முடியாமல்தான் அவரும் தங்கிப் பார்க்கிற டூட்டிக்கு வந்தார்.

ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரையும் எழுதச் சொன்னோம். வீட்டுக்காரர் ஒரு பெயர் போதும் என்றார். நாங்கள் விடவில்லை, அட்வான்ஸ் நாலு பேருடைய காசு. எழுதிக் கொடுத்துவிட்டு, “ரேஷன் கார்டுக்கு மட்டும் இதக் காட்டிடாதீங்கம்மா” என்றார். அதை இன்னும் பேசி முடிக்கவில்லை.

போன மாதம் எங்களில் சின்னவளை ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் 3,000 அதிகம். அந்த வீட்டு மகனின் குடியைப் பற்றி முன்னால் இருந்தவள் எங்களிடம் சொல்லியிருந்தாள். இவள் முடியாது என்றாள். “டூட்டி இல்லாம எங்க போய்ப் படுப்ப?” என்று ஏஜென்சியில் கேட்டார்கள்.

“அயனாவரத்துல, என் ரூம்ல.”

நாலைந்து நாள் கழித்து வேறு வீடு கொடுத்தார்கள். சம்பளம் பழைய சம்பளம்தான்.