தகைவும் திரிபும்: பொருள் வலிமையியலின் தொடக்கப் பாடத்தைக் கற்பதில் தமிழ்க் கலைச்சொற்களின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் மாணவர் பொருள் வலிமையியலைக் கற்கத் தொடங்கும்போது அடையும் முதன்மையான இடர்ப்பாடு கணக்கீட்டில் இல்லை. பொருளின் உள்ளே எழும் எதிர்ப்பை மனத்தில் உருவகித்துக்கொள்வதில்தான் உள்ளது. தகைவு, திரிபு ஆகிய தமிழ்க் கலைச்சொற்கள் இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு எளிதாக்குகின்றன என்பதையும், அதே பாடத்தின் வேறு சில சொற்கள் எவ்வாறு குழப்பம் விளைவிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொருள் வலிமையியல், தகைவு, திரிபு, விகாரம், கலைச்சொல், தமிழ்வழிக் கல்வி.

முன்னுரை

குடிசார் பொறியியலும் எந்திரப் பொறியியலும் பயிலும் மாணவர் தொடக்க ஆண்டுகளில் எதிர்கொள்ளும் அடிப்படைப் பாடம் பொருள் வலிமையியல் ஆகும். இதற்கு முன்னர் அவர்கள் கற்கும் நிலையியல், பொருளை நீளாததாகவும் வளையாததாகவும் உடையாததாகவும் கொண்டு கணக்கிடுகிறது. அக்கற்பனையைக் கைவிடும் இடத்தில் பொருள் வலிமையியல் தொடங்குகிறது. பாலத்தின் தூண் எவ்வளவு சுருங்கும், உத்தரம் எங்கே விரிசல் விடும் என்னும் வினாக்களுக்கு இப்பாடமே முதன்முதலில் விடை தருகிறது.

தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற மாணவர் மேல்நிலை வகுப்பு இயற்பியலிலேயே தகைவு, திரிபு என்னும் சொற்களைக் கற்றிருப்பர். கல்லூரியில் அவை 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' எனப் பெயர் மாறுகின்றன. 2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. எனினும், பெரும்பாலான மாணவர்க்குப் பொறியியல் வகுப்பறை இன்றும் ஆங்கிலவழி வகுப்பறையே. பழைய சொற்களை மறந்துவிடுவதே நன்று என்று அங்கு அறிவுறுத்தப்படுவதும் உண்டு. அவ்வறிவுரையால் மாணவர் இழப்பது வெறும் பெயர்களை மட்டுமன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வெட்டிப் பார்த்தல்

16 மில்லிமீட்டர் விட்டமுடைய எஃகுக் கம்பி ஒன்று கூரையிலிருந்து தொங்குவதாகவும், அதன் முனையில் 20 கிலோநியூட்டன் எடை கட்டப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். கம்பியின் நடுவே என்ன நிகழ்கிறது என்று வினவினால், புதிதாகக் கற்கும் மாணவர் பலர் விடை கூறத் தயங்குவர். விசை முனையில்தானே உள்ளது, நடுவில் எதுவும் கட்டப்படவில்லையே என்பது அவர்தம் ஐயம். அது நியாயமான ஐயமே.

இதனைத் தீர்க்கும் வழி, கம்பியை மனத்தால் வெட்டுவதாகும். வெட்டிய இடத்திற்குக் கீழுள்ள பகுதியைத் தனித்த பொருளாக வரைந்தால், அது விழாமல் நிற்க வேண்டுமெனில் வெட்டுமுகத்தில் மேல்நோக்கிய 20 கிலோநியூட்டன் விசை இருந்தாக வேண்டும். அந்த விசை வெளியிலிருந்து வந்ததன்று. மேற்பகுதி கீழ்ப்பகுதியை விடாமல் பற்றியிருப்பதால் எழுந்தது. வெட்டுமுகத்தின் பரப்பு ஏறத்தாழ 201 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 99.5 நியூட்டன் வீதம் அப்பிடிப்பு பரவியுள்ளது. இதுவே தகைவு.

இக்கருத்து எளிதாகத் தோன்றினும் வரலாற்றில் எளிதாகக் கிட்டவில்லை. 1638இல் லெய்டன் நகரில் வெளியான தம் நூலில் கலிலியோ, சுவரிலிருந்து நீண்டு நிற்கும் உத்தரத்தின் வலிமையை ஆராய்ந்தார். உத்தரம் கீழ் விளிம்பைச் சுழல்முனையாகக் கொண்டு முறிவதாகவும், வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவில் இழுக்கப்படுவதாகவும் அவர் கொண்டார். செவ்வக வெட்டுமுகத்திற்கு இன்றைய மீட்சிக் கொள்கை தரும் வலிமையைப் போல மூன்று மடங்கு வலிமையை அவருடைய முறை தருகிறது. 1678இல் ஹூக் வெளியிட்ட விதி, விசையையும் நீட்சியையும் தொடர்புபடுத்தியதேயன்றித் தகைவைப் பேசவில்லை. வெட்டுமுகத்தில் ஓரலகுப் பரப்பில் செயற்படும் உள்விசை என்னும் பொதுக் கருத்தை கோசி 1822இல்தான் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். கலிலியோவுக்கும் கோசிக்கும் இடையே 184 ஆண்டுகள் கடந்தன. இவ்வளவு காலம் பிடித்த ஒன்றைப் பாடத்தின் முதல் மணிநேரத்தில் ஒரு வகுத்தல் வாய்பாடாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு மேற்செல்வதே நம் வழக்கமாக உள்ளது.

சொல் தரும் விளக்கம்

'தகைதல்' என்னும் வினைக்குத் தடுத்தல் என்பது பழம்பொருள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இப்பொருளைத் தருகிறது. (தகைவிலான் என்னும் குருவியின் பெயரிலும் இச்சொல் வாழ்கிறது.) ஆகவே தகைவு என்பது பொருளின் மீது நாம் ஏற்றும் சுமையின் பெயரன்று, அச்சுமையை எதிர்த்துப் பொருள் தன்னுள் காட்டும் தடையின் பெயர். மாணவர் முதலில் கைக்கொள்ள வேண்டிய வேறுபாடும் இதுவே.

அன்றாட வழக்கில் 'ஸ்ட்ரெஸ்' என்பதை 'மன அழுத்தம்' என்கிறோம். அப்பழக்கத்தால் மாணவர் தகைவையும் அழுத்தமாகவே எண்ணிக்கொள்கின்றனர். இரண்டிற்கும் அலகு பாஸ்கலே என்பதால் குழப்பம் வலுப்பெறுகிறது. ஆனால் அசையாத நீரினுள் ஒரு புள்ளியில் அழுத்தம் எத்திசையிலும் ஒன்றே. தகைவோ வெட்டும் தளத்தைப் பொறுத்து மாறும். மேற்கூறிய கம்பியைக் குறுக்கே வெட்டாமல் 45 பாகைச் சாய்வில் வெட்டினால், அத்தளத்தில் செங்குத்துத் தகைவு பாதியாகக் குறைந்து ஏறத்தாழ 50 மெகாபாஸ்கல் ஆகும். அதே அளவில் தளத்தின் வழியே சறுக்குப் பெயர்ச்சித் தகைவும் தோன்றும். கம்பியும் எடையும் மாறவில்லை. நாம் வினவிய தளம் மட்டுமே மாறியது. வகுப்பறைச் சுண்ணக்கட்டியைக் கொண்டே இதனைக் காட்டலாம். நேராக இழுத்து உடைத்தால் முறிவு குறுக்கே தட்டையாக அமையும். முறுக்கி உடைத்தால் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் திருகுபோல் சுற்றிச் செல்லும். முறுக்கத்தில் மிகுதியான இழுப்பு அச்சாய்தளத்தில்தான் எழுகிறது; சுண்ணக்கட்டி இழுப்பைத் தாங்கும் வலிமை குறைந்தது. ஐந்து நிமிடத்தில் முடியும் இச்செய்முறைக்குப் பின் தகைவை அழுத்தம் என்று கூறும் மாணவர் அரியர்.

திரிபு என்னும் சொல் இலக்கண மாணவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புணரியல் திரிபை மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றாகக் கொள்கிறது. ஈழத்துப் பாடநூல்கள் தகைவைத் தகைப்பு என்றும் திரிபை விகாரம் என்றும் வழங்குகின்றன. விகாரமும் இலக்கணச் சொல்லே. தோன்றல், திரிதல், கெடுதல் என்பன நன்னூலார் கூறும் விகாரங்கள். இரு மரபுகளும் தனித்தனியே இலக்கணக் களஞ்சியத்தை நாடியிருப்பது கருதத்தக்கது. இரண்டும் உணர்த்துவது, இயல்பான நிலை ஒன்று இருந்து அதிலிருந்து மாறுவதையே. பொறியியலில் திரிபு என்பதும் தொடக்க நீளத்தோடு ஒப்பிட்ட மாற்றமேயாகும். கம்பி நீளவாக்கில் மிகும்போது குறுக்குவாக்கில் குன்றுவதைக் காட்டும் பாய்சன் விகிதத்தை விளக்குகையில், மிகுதல், குன்றல் என்னும் இணை இயல்பாகவே பொருந்தி வருகிறது.

அதே கம்பி 3 மீட்டர் நீளமுடையதாயின், எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கல் எனக் கொண்டால், நீட்சி ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். அதே அளவில் அலுமினியக் கம்பியை எடுத்துக்கொண்டால், அதன் யங் குணகம் 70 கிகாபாஸ்கல் ஆதலால், நீட்சி ஏறத்தாழ 4.3 மில்லிமீட்டர் ஆகும். இரண்டிலும் தகைவு என்ன என்று கேட்டால், எஃகில் மிகுதி எனச் சிலரும் அலுமினியத்தில் மிகுதி எனச் சிலரும் விடையளிப்பர். தகைவு இரண்டிலும் ஒன்றே. தடுக்க வேண்டிய விசையும் அதனைப் பகிர்ந்துகொள்ளும் பரப்பும் மாறாதபோது தடையும் மாறாது. பொருளுக்கேற்ப மாறுவது திரிபு மட்டுமே.

வெப்பம் வைக்கும் தேர்வு

ஹூக் விதியை முதலில் கற்கும் மாணவர், திரிபு உள்ள இடத்தில் தகைவும் உண்டு, தகைவு உள்ள இடத்தில் திரிபும் உண்டு என்று முடிவு செய்துகொள்கின்றனர். வெப்பநிலை மாறும்போது இம்முடிவு தகர்கிறது. 3 மீட்டர் எஃகுக் கம்பியைத் தடையின்றிக் கிடத்தி 30 பாகை செல்சியசு சூடேற்றினால் அது ஏறத்தாழ 1.08 மில்லிமீட்டர் நீளும். இங்குத் திரிபு உண்டு, தகைவு இல்லை. அதே கம்பியை அசையாத இரு சுவர்களுக்கு இடையே பொருத்திச் சூடேற்றினால் அது நீள இயலாது. நீளத்தில் மாற்றமில்லை, ஆயினும் கம்பியினுள் 72 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு எழுகிறது. தண்டவாளங்கள் கோடையில் பக்கவாட்டில் நெளிவதற்கும், பாலங்களில் விரிவு இடைவெளி விடுவதற்கும் காரணம் இதுவே.

ஆங்கிலச் சொற்களைக் கொண்டு இதனைக் கற்போர்க்கு இது ஒரு விதிவிலக்காக, மனப்பாடம் செய்ய வேண்டிய தனி வாய்பாடாகத் தோன்றுகிறது. தகைதல் என்றால் தடுத்தல் என அறிந்த மாணவர்க்கோ இதில் வியப்பில்லை. விரிவைத் தடுத்தால் தகைவு உண்டாகும், தடுக்காவிடில் உண்டாகாது. இவ்வளவு பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் அமையவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

துணை செய்யாத சொற்கள்

எல்லாக் கலைச்சொற்களும் இத்தகையன அல்ல. உத்தரத்தின் வளைவைக் கற்கும்போது மாணவர் சந்திக்கும் 'திருப்புத்திறன்' என்பதில் உள்ள திறன், ஒரு நொடியில் செய்யப்படும் வேலையைக் குறிக்கும் சொல்லாகவும் தமிழகப் பாடநூல்களில் வழங்குகிறது. இரண்டிற்கும் தொடர்பில்லை. 'நிலைமத் திருப்புத்திறன்' இன்னும் இடர் தருவது. உத்தரக் கணக்கில் வருவது வெட்டுமுகப் பரப்பு நடுநிலை அச்சிலிருந்து எவ்வாறு விலகிப் பரவியுள்ளது என்னும் வடிவ அளவு மட்டுமே. அதில் நிறையும் இல்லை, நிலைமமும் இல்லை. ஆங்கிலச் சொல்லில் உள்ள பிழையே தமிழுக்கும் பெயர்ந்து வந்துள்ளது. 'பரப்பின் இரண்டாம் திருப்புமை' என்பது போன்ற ஆக்கம் பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நீளமாயினும் அது பொய் சொல்வதில்லை.

இக்கருத்தைப் பெயரால் விளக்க இயலாதபோது பொருளால் விளக்கலாம். 100 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய மரச்சட்டத்தைத் தட்டையாக வைப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால், அதன் வளைவுத் தொய்வு நான்கில் ஒரு பங்காகும். தாங்கும் சுமை இருமடங்காகும். ஓட்டு வீட்டின் கூரையில் பனஞ்சட்டங்களைக் குத்துவாக்கில் வைக்கும் தச்சர் இதனைக் கைப்பழக்கத்தால் அறிவார். பனைமரத்தில் வயிரம் வெளிப்புறத்திலும் மென்பகுதி உட்புறத்திலும் அமைந்திருப்பதும் காற்றில் வளையும் தண்டுக்குப் பொருத்தமானதே. நடுநிலை அச்சில் வளைவுத் தகைவு இல்லை. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல அது பெருகுகிறது. மேற்பாதி இழுபட்டுக் கீழ்ப்பாதி அமுக்கப்படுவதைக் கூலும் 1773இல் தெளிவாகக் கணக்கிட்டார். கலிலியோவின் உத்தரத்திற்குச் சரியான விடை கிடைத்த இடம் அது.

கற்பித்தலுக்கு ஒரு குறிப்பு

ஆங்கிலவழி வகுப்பிலும் இச்சொற்களைப் பயன்படுத்தத் தடையில்லை. பாடத்தின் முதல் வாரத்தில் எண்கள் எவையும் தராமல், சூடேற்றிய இரு கம்பிகளின் படங்களை மட்டும் வரைந்து, எதில் தகைவு உண்டு, எதில் திரிபு உண்டு, ஏன் என்று இரண்டு வரிகளில் எழுதச் சொல்லலாம். தமிழ்வழியில் வந்தோர் தமிழிலேயே எழுதட்டும். வாய்பாட்டை ஒப்பித்து இவ்வினாவைக் கடக்க இயலாது என்பதால், யார் கருத்தைப் பற்றியுள்ளார், யார் தொகுதியையும் பகுதியையும் வைத்து வகுத்தலை மட்டும் செய்கிறார் என்பது ஆசிரியர்க்கு அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். பருவத் தேர்வு விடைத்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.