சரித்திரக் கோபுரம் காட்டிய வான் லூன்

சரித்திரப் பாடம் என்றதும் குழந்தைகள் பலர் முகஞ் சுளிப்பதை நாம் அறிவோம். மன்னர்தம் பெயர்களும் ஆண்டுக் கணக்குகளும் அவர்கள் நெஞ்சில் தங்குவதில்லை. அப்பாடத்தைக் கதையாகச் சொல்லிச் சித்திரமாகவும் தீட்டிக் காட்டியவர்களுள் சிறப்பாக எண்ணத்தக்கவர் ஹென்றிக் வில்லெம் வான் லூன்.

ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுக நகரில் 1882இல் பிறந்த இவர், 1902இல் அமெரிக்கா சென்று, கார்னெல் பல்கலைக் கழகத்தில் 1905இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பத்திரிகை நிருபராகி, ரஷ்யாவில் அவ்வாண்டு மூண்ட புரட்சியைப் பற்றிச் செய்திகள் எழுதினார். 1911இல் ம்யூனிக் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 1921இல் வெளிவந்த ‘மனித குலத்தின் கதை’ என்னும் நூல். தம் புதல்வர் இருவரை விளித்து அதன் முன்னுரையை எழுதினார். சிறுவயதில் உறவினர் ஒருவர் தம்மை ராட்டர்டாம் நகரின் புனித லாரன்ஸ் ஆலயக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துச் சென்றதை அதில் நினைவு கூர்கிறார். சரித்திரமும் அத்தகையதொரு கோபுரமே. ஏறுவது கடினம், ஏறியவர்க்கோ யாவும் தெளிவாகப் புலப்படும் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் சிறுவர் நூலுக்கென ஏற்பட்ட நியூபெரி பதக்கம் 1922இல் முதன்முதலாக வழங்கப்பெற்றபோது, அதனைப் பெற்றது இந்நூலே.

இந்நூலின் படங்களையும் தேசப்படங்களையும் அவரே வரைந்தார். அவை பக்கத்தை அழகு செய்வதற்காக மட்டும் இட்டவையல்ல; சொல்லால் விளக்க அரியதைச் சில கோடுகளால் விளக்குபவை. பெரிய எண்களையும் கண்முன் நிறுத்த வல்லவர் அவர். 1932இல் எழுதிய பூகோள நூலில், அன்றைய உலக மக்கள் 200 கோடிப் பேரையும் ஒவ்வொரு பக்கமும் அரை மைல் அளவுள்ள ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடலாம் எனக் காட்டினார்.

அவர் நூலில் குறையும் உண்டு. ஐரோப்பாவுக்கே மிகுதியான இடம் அளித்த அவர், புத்தரையும் கன்பூஷியஸையும் ஒரே அத்தியாயத்தில் கூறி முடித்துவிட்டார். இதனை மனத்திற்கொண்டே நாம் அவரைப் படித்தல் வேண்டும்.

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஹாலந்தைக் கைப்பற்றியது. அம்மாதம் 14ஆம் நாள் வீழ்ந்த குண்டுகளால் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி அழிந்தது. அக்கோபுரத்தையுடைய ஆலயமும் தீக்கிரையாகிச் சுவர்களும் கோபுரமுமே எஞ்சின. அப்போர்க்காலத்தில் வான் லூன் அமெரிக்க வானொலி வழியாக, ‘ஹெங்க் மாமா’ என்னும் பெயரில், அடிமைப்பட்ட தம் நாட்டவருடன் தாய்மொழியிலேயே பேசி ஊக்கமளித்தார். அயல்நாட்டில் வாழ்ந்து ஆங்கிலத்தில் புகழ் பெற்றவருக்கும், துயருற்ற காலத்தில் தம் மக்களோடு பேசத் தாய்மொழியே துணையாயிற்று. 1944 மார்ச்சில் அவர் காலமானார். மறு ஆண்டு மே மாதம் ஹாலந்து முழு விடுதலை எய்தியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாலயம் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பெற்றது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இவ்வாழ்க்கை ஒன்றை உணர்த்துகிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் பயிலும் நம் குழந்தைகள் அவ்வம் மாநிலத்தின் சரித்திரத்தைப் பள்ளியில் கற்கின்றனர், அது நன்றே. ஆயினும் தம் முன்னோர் வரலாற்றை அவர்கள் கேட்டறிய வீட்டைத் தவிர வேறிடம் எளிதில் வாய்ப்பதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். காவிரியை ஒரு கோடாக வரைந்து, உறையூரையும் பூம்புகாரையும் புள்ளிகளாக இட்டு, அங்கு வாழ்ந்தோர் கதையைத் தமிழிலேயே சொல்லத் தொடங்குவோம். கோடு சற்றுக் கோணினாலும் குழந்தைகள் குறை கூறமாட்டார்கள்.